பி பிளாக் மூலையில் நிற்கும் ஜீப்

(இந்தக் காலாண்டுக் குடியிருப்போர் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



செயலாளர் தம்பி என்னிடம், "டீச்சர், பத்து நிமிஷம் பேசுங்க, எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க" என்றார். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளிடம் இப்படிச் சொல்வது கொஞ்சம் ஆபத்துதான். ஆனால் தலைப்பை நான் தேட வேண்டியதில்லை. அது பி பிளாக் மூலையில், விருந்தினர் வண்டிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. என் அப்பாவின் ஜீப். அதை எடுக்கச் சொல்லி எனக்கு இரண்டு முறை கடிதம் வந்திருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு முறையும் நான் பதில் எழுதவில்லை. இன்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் அமெரிக்க வண்டி என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சினிமாவில் வரும் நீளமான இம்பாலா கார்தானே? ஆனால் இந்தச் சீமைக்கு அமெரிக்கா வந்து சேர்ந்தது காராக மட்டும் அல்ல. பஸ்ஸாக, லாரியாக, பி.டி.ஓ. ஜீப்பாக வந்தது. பருத்தி மூட்டையையும் சுண்ணாம்புக் கல்லையும் கல்யாண மாப்பிள்ளையையும் சுமந்தது. அந்தக் கதையில் ஒரு பகுதியை என் அப்பாவின் கைகள் வழியாக நான் பார்த்திருக்கிறேன்.

முதலில், அமெரிக்க வண்டி இவ்வளவு தூரம் வந்தது எப்படி? வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டில் வெள்ளைக்காரன் காரல்லவா ஓடியிருக்க வேண்டும்? வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் எஞ்சின் சிலிண்டரின் அகலத்தைக் கணக்குப் பண்ணி வரி போட்டார்கள். 1921-இல் வந்த அந்த முறை போர் முடிந்த பிறகுதான் போனது. ஆகவே அங்கே சின்ன எஞ்சின், சின்ன கார் என்றே பழகினார்கள். பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க வண்டி அங்கே வசதியானவர்களின் ஆசைப் பொருள். இங்கே நிலைமை வேறு. சாலை என்று பேர், உள்ளது வண்டிப்பாட்டை. மேடு பள்ளத்தில் அடி தட்டாத உயரம், ஒடியாத பட்டை, ஏற்றத்தில் மூச்சு வாங்காத எஞ்சின், இதுதான் நமக்கு வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கிராமத்துச் சாலைகளும் அந்தக் காலத்தில் நம் சாலை மாதிரிதான். அதனால் அந்த வண்டி நமக்குப் பொருந்திப் போனது.

இன்னொரு சங்கடம்: அமெரிக்காவில் ஸ்டியரிங் இடது பக்கம். அதற்கும் வழி இருந்தது. கனடாவில் இருந்த தொழிற்சாலைகள் வலது பக்க ஸ்டியரிங் வைத்து, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு அனுப்பின. ஃபோர்டு இந்தியாவுக்கு வந்ததே அதன் கனடாக் கம்பெனி வழியாகத்தான். பெட்டி பெட்டியாகப் பாகங்கள் கப்பலில் இறங்கும், இங்கே பூட்டுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் அப்படி ஓர் ஆலை வைத்து செவர்லே பூட்டியது. ஃபோர்டு சென்னையிலும் பூட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு, பாகங்களை இங்கேயே செய்ய முன்வருகிற கம்பெனிகள்தான் இருக்கலாம் என்று அரசு சொன்னதும், 1954 வாக்கில் இரண்டுமே கடையைக் கட்டின. இது எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் தரைத்தளத்தில் நிற்கும் பீட்டையும் ஃபிகோவையும் ஈகோஸ்போர்ட்டையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

என் அப்பா 1930-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டு பஸ்ஸில் கிளீனராகப் போனார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பெட்ரோலுக்கு ரேஷன். அதனால் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பிள்ளைகளே, நான் கதை விடவில்லை. பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு பொருத்தியிருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றைக் குறைவாக விட்டால், எரியக்கூடிய ஒரு வாயு வரும். அதை வடிகட்டி, குளிரவைத்து, எஞ்சினுக்குள் அனுப்புவார்கள். செவர்லே, ஃபோர்டு எஞ்சின்கள் பெட்ரோலுக்காகச் செய்தவை. ஆனாலும் பொறுத்துக்கொண்டு இதையும் குடித்தன.

விடிய நாலு மணிக்கு எழுந்து, காற்றாடிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனலவைப்பது அப்பாவின் வேலை. அரை மணி நேரத்துக்குக் குறையாது. கரி வாயுவில் எஞ்சினுக்குப் பாதி பலம்தான். ஏற்றம் வந்தால் கண்டக்டர் கீழே இறங்கச் சொல்வார். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட் காசு திருப்பித் தர மாட்டார்கள். "காசும் குடுத்து பஸ்ஸையும் தள்ளுன காலம் பாப்பா அது" என்பார் அப்பா. அந்த வாயு விஷம் வேறு. மூடிய கொட்டகையில் அடுப்பைப் பற்றவைத்தால் தலை சுற்றும். ஒருமுறை மயங்கி விழுந்தவரை டிரைவர் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கிடத்தி, மோர் கொடுத்தாராம். அன்று பயந்து வீட்டுக்குப் போயிருந்தால் கதை வேறு. மறுநாளும் நாலு மணிக்குப் போனார்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. டிஸ்போசல் வண்டி என்பார்கள். அதில் அமெரிக்க லாரிகள் நிறைய. போர்க்களத்துக்கென்று செய்த லாரி கடலைக்காய் மூட்டை ஏற்றியது. அப்பா கிளீனரிலிருந்து டிரைவர் ஆனது அப்படி ஒரு லாரியில்தான்.

அதன் பிறகு ஃபார்கோ. இந்தப் பேரைச் சொன்னதும் இங்கே இரண்டு மூன்று பெரியவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். முன்மூக்கு நீண்ட லாரி. ஃபார்கோ, டாட்ஜ், டி சோட்டோ என்று மூன்று பெயரில் சாலையில் ஓடும். உண்மையில் மூன்றும் ஒன்றேதான். அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வெவ்வேறு விற்பனையாளர்களுக்காக ஒரே லாரிக்கு வெவ்வேறு பெயர்ப்பலகை மாட்டியது. இங்கே வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் அதே லாரிகளைப் பூட்டியது. 'என் டாட்ஜ் உன் ஃபார்கோவைவிட நல்லா இழுக்கும்' என்று டீக்கடையில் சண்டை நடக்கும். பானெட்டைத் திறந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே எஞ்சின் இருக்கும்.

அந்த எஞ்சினும் பின்னால் மாறிப்போனது. அமெரிக்க உடம்புக்குள் பெர்கின்ஸ் பி6 என்ற இங்கிலாந்து டீசல் எஞ்சின். அதைச் செய்ததோ நம் சென்னை சிம்சன் கம்பெனி. அமெரிக்கச் சட்டம், ஆங்கில எஞ்சின், பம்பாயில் பூட்டியது, சென்னையில் வார்த்தது, ஓட்டியது பெரம்பலூர்க்காரர். பாடி கட்டியது உள்ளூர் ஆசாரி. தேக்குச் சட்டம் போட்டு, பக்கப் பலகையில் மயிலும் தாமரையும் எழுதி, நெற்றியில் 'முருகன் துணை' என்று போட்டுக் கொடுப்பார். அதற்குப் பிறகு அதை அமெரிக்க லாரி என்று யார் சொல்வது?

நம் ஊருக்கு லாரி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கரிசல் காட்டுப் பருத்தி ரயிலேற வேண்டுமானால் பேரளி வழியாக அரியலூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அப்பா ஓட்டிய ஃபார்கோ, அரியலூர் வியாபாரி ஒருவருடையது. போகும்போது பருத்தி, வரும்போது சுண்ணாம்பு, சிமெண்டு, உப்பு, கிடைத்தது எல்லாம். ராத்திரி பத்து மணிக்கு லாரி தெருமுனையில் திரும்பும்போதே அம்மா உலை வைத்துவிடுவார். சத்தத்தை வைத்தே தெரியும். மற்ற லாரிக்கும் அப்பா லாரிக்கும் வித்தியாசம் எனக்கே தெரியும்போது அம்மாவுக்குத் தெரியாதா?

காரைப் பற்றியும் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் கிராமத்தில் காருக்குப் பெயர் பிளசர். மிராசுதார் வீட்டில் பிளைமவுத்தோ செவர்லேவோ நிற்கும். ஊராருக்கு அதில் ஏறும் யோகம் வருஷத்தில் ஒரு நாள்தான்: மாப்பிள்ளை அழைப்பு. மேல்மூடி இல்லாத பெரிய காரைத் திருச்சியிலிருந்து வாடகைக்குக் கொண்டுவருவார்கள். கார் முழுக்க மல்லிகைச் சரம். நடுவில் மாப்பிள்ளை. மடியில் ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேர். முன்னால் நாகஸ்வரம், பக்கத்தில் காஸ் லைட்டு. நாகஸ்வரக்காரர் எந்த வேகத்தில் நடக்கிறாரோ அதே வேகத்தில் கார் போக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அகலமான சாலையில் பறப்பதற்கென்று செய்த எஞ்சின் அது. அதை நடை வேகத்தில் ஒரு மணி நேரம் உருட்டினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். அதற்காகவே அப்பாவைக் கூப்பிடுவார்கள். கையில் ஒரு குடம் தண்ணீர், தோளில் ஈரச் சாக்கு. தவில் தனி ஆவர்த்தனம் நடக்கிற ஒவ்வொரு முச்சந்தியிலும் இவர் பானெட்டைத் திறந்து ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு ஆற வைப்பார். 'மாப்பிள்ளைக்குப் பன்னீர், வண்டிக்குத் தண்ணி' என்பது அவருடைய பழைய நகைச்சுவை. பந்தியில் அவருக்கு இலை போட்டு உட்காரவைத்தபின்தான் டிரைவர் உட்காருவார். அது ஒரு மரியாதை.

இப்போது ஜீப்புக்கு வருகிறேன்.

ஜீப் 1940-இல் அமெரிக்க ராணுவம் அவசரமாகக் கேட்டு வாங்கிய வண்டி. பாண்டம் என்ற சின்னக் கம்பெனி முதலில் செய்து காட்டியது; வில்லிஸும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. 1947-இல் அது மஹிந்திரா வழியாக இந்தியாவில் பூட்டப்பட்டது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதும், வட்டார வளர்ச்சி அலுவலகம் இருந்த இடமெல்லாம் ஜீப் வந்துவிட்டது. மலேரியாவுக்கு மருந்தடிக்க ஜீப், கல்வி அதிகாரிக்கு ஜீப், தேர்தல் வந்தால் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய ஜீப். ஜீப் சத்தம் கேட்டால் கிராமத்தில் பாதிப்பேர் வெளியே ஓடிவருவார்கள். பாக்கி வைத்தவர்கள் கொல்லைப்புறம் ஓடுவார்கள்.

நம் பக்கத்தில் ஜீப்புக்குத் தனி வேலை உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறதே, பதினெட்டு மீட்டர் நீளத்தில், பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழமையானது என்று சொல்கிறார்களே, அதைப் பார்க்கவும், அரியலூர் சுற்றுவட்டாரத்தில் கடல் வாழ் உயிர்களின் கல்படிவம் தேடவும் வருகிற புவியியல்காரர்கள் எல்லாம் ஜீப்பில்தான் வருவார்கள். ஒருகாலத்தில் இங்கே கடல் இருந்ததால்தான் இன்று சுண்ணாம்புக்கல் இருக்கிறது, சிமெண்டு இருக்கிறது, லாரி இருக்கிறது. அப்பாவின் பட்டறையில் ஜீப்புக்குப் பிரேக் பார்க்க வந்த ஒருவர் எனக்கு ஒரு கல் சிப்பி கொடுத்தார். அது இன்னும் என் பூஜை அலமாரியில் இருக்கிறது.

ஆம், அதற்குள் அப்பா பட்டறை வைத்துவிட்டார். 1968-இல், பெரம்பலூர் திருச்சி ரோட்டோரம், ஒரு கீற்றுக் கொட்டகை. 1974-இல் அரசு அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்தார். 1962-ஆம் வருஷத்து வண்டி, சி.ஜே. 3பி என்ற வகை. முன்மூக்கு மற்ற ஜீப்பைவிட உயரமாக இருக்கும். ஹரிக்கேன் என்ற எஞ்சினில் ஒரு வால்வு மேலே, ஒரு வால்வு பக்கவாட்டில். எஞ்சின் உயரம் கூடியதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அழகைக் கெடுத்த அந்த மூக்குதான் அதன் அடையாளம்.

1974-இல் ஏன் அது மலிவாகக் கிடைத்தது தெரியுமா? அதற்கு முந்தைய வருஷம் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறிவிட்டது. பெட்ரோல் குடிக்கிற வண்டியை எல்லோரும் கைகழுவினார்கள். பிளைமவுத்தையும் டாட்ஜையும் வைத்திருந்தவர்கள், பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். அப்பாவே அப்படிப் பல வண்டிகளுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆனால் தன் ஜீப்புக்கு மட்டும் மாற்றவில்லை. அம்மா கேட்டார், நான் கேட்டேன், கடன்காரர்கள் கேட்டார்கள். "அதோட உசுரு அது. அதைப் புடுங்கிட்டு வேற உசுரு வச்சா அது வேற வண்டி" என்றார். அந்தப் பிடிவாதம் எங்கள் வீட்டில் எத்தனை தீபாவளிக்குப் புதுத்துணி இல்லாமல் செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்லதை மட்டும் சொன்னால் அது இரங்கல் கூட்டம் ஆகிவிடும்.

ஏலத்தில் எடுத்த முதல் வெள்ளிக்கிழமை வண்டியைச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். ஓடாத வண்டிக்குப் பூஜை போட்டதைப் பார்த்துப் பூசாரியே சிரித்தார். மூன்று மாதம் கழித்து அதே கோயிலுக்கு அது தானே ஓடிப் போனது. அந்த மூன்று மாதத்தில் அப்பா உடைந்த பல்சக்கரத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சென்னை புதுப்பேட்டைக்கு நாலு முறை போய் வந்தார். கிடைக்காததைத் திருச்சி லேத்துப் பட்டறையில் கடைந்தார். அங்கேயும் முடியாததைத் தானே ராவி ராவிச் செய்தார். பள்ளி விடுமுறையில் விளக்குப் பிடிப்பது என் வேலை. அந்த எஞ்சினில் நாலு சிலிண்டரும் வரிசையாக எரியாது. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு என்று எரியும். அதை விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தார். கணித ஆசிரியையாக நான் படித்த முதல் வரிசை அதுதான்.

1977 நவம்பரில் புயல் மழை. திருச்சி நகரமே வெள்ளத்தில் கிடந்தது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கம் வெள்ளமில்லை என்றாலும் கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. ஒரு ராத்திரி குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேர் நடந்தே வந்து கதவைத் தட்டினார்கள். வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, மாட்டு வண்டி சேற்றில் புதைந்துவிட்டது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. லுங்கியோடு கிளம்பினார். நானும் டார்ச் பிடிக்க ஏறிக்கொண்டேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, அதையும் தாழ்த்திப் போட்டு, அந்த வண்டி மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்தது. அப்பா வேகத்தைக் கூட்டவே இல்லை. "அவசரப்பட்டா புதைஞ்சிரும் பாப்பா" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். திரும்பும்போது அந்தப் பெண்ணின் தலை என் மடியில். அவள் என் கையைப் பிடித்த பிடி ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. விடிவதற்குள் பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அப்பா பெட்ரோல் காசு வாங்கவில்லை. அடுத்த தையில் அவர்கள் ஒரு மூட்டை வரகு கொண்டுவந்து இறக்கினார்கள்.

அப்பா 2009-இல் காலமானார். பட்டறை கைமாறியது. நான் இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது ஜீப்பும் வந்தது. முதல் இரண்டு வருஷம் மாதம் ஒருமுறை கிளப்பினேன். அப்புறம் முழங்கால் வலி, பேட்டரி போனது, டயர் இறங்கியது. அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்தினேன்.

போன மாதம் ஒரு ராத்திரி சி பிளாக் ஐயாவுக்கு நெஞ்சு வலி வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது, திரும்ப முடியவில்லை. ஜீப் நிற்கிற மூலையில்தான் திரும்ப வேண்டும். பின்பக்கமாகவே கேட் வரை ஓட்டிப் போனார்கள். ஐயா நலமாகத் திரும்பிவிட்டார், இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் பால்கனியில் நின்று நான் பார்த்தேன். அந்த டிரைவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, அப்பா சேற்றில் ஊர்ந்தது போலவே ஊர்ந்தார். ஒரு காலத்தில் ஆம்புலன்ஸாக ஓடிய வண்டி இன்று ஆம்புலன்ஸை மறித்துக்கொண்டு நிற்கிறது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா இருந்திருந்தால் கடிதம் வரும்வரை காத்திருக்க மாட்டார்.

ஆகவே என் பதில் இது: இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜீப் போகிறது. காயலான் கடைக்கு அல்ல. எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். டீசல் எஞ்சின் ஏற்றி அலங்காரம் பண்ணி ஓட்டுகிறேன் என்று இன்னொருவர் வந்தார். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் பதினான்கு வயதில் தொழில் படித்த ஒருவர் இன்று அரியலூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, எஞ்சின் மாத்தலியே?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான் ஓட வைக்கிறேன்" என்றார்.

அப்பாவின் பிடிவாதத்துக்கு ஒரு பலனும் கிடைத்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, சொந்த உபயோகத்து இருசக்கர, நாலுசக்கர வண்டிகள். சட்டம், உடம்பு, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாதவை. அவற்றுக்கு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பழுது பார்ப்பது, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. எஞ்சினை மாற்றியிருந்தால் இந்த வாசல் எங்களுக்குத் திறந்திருக்காது.

உங்களில் யாராவது ஊரில், கொட்டகையில், தாத்தாவின் வண்டியை வைத்திருந்தால் என் தவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி வையுங்கள். பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் பெரியவர்கள் இருக்கும்போதே மாற்றுங்கள். நிறுத்திவைக்கிற வண்டியில் பெட்ரோலை வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் கார்ப்பரேட்டரையும் கெடுக்கும், தரைத்தளத்தில் தீ ஆபத்தும் கூட. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். டயர் தரையில் அழுந்தாமல் கட்டை கொடுங்கள். தார்ப்பாயை மாதம் ஒருமுறை எடுத்து வெயில் காட்டுங்கள். இல்லையென்றால் எலி குடும்பம் நடத்தும், எனக்கு நடத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர் வழியில் நிறுத்தாதீர்கள்.

தொடக்கத்தில் பீட், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் என்று சொன்னேனே. செவர்லே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் வந்து உட்கார்ந்த ஃபோர்டு, 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 1954-இல் போன இருவரும் இரண்டாவது முறையும் போய்விட்டார்கள். நம் குடியிருப்பில் அந்தக் கார் வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம், "பார்ட்ஸ் கிடைக்குமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். கியூபாவைப் பாருங்கள். 1960-களில் அமெரிக்காவோடு வியாபாரம் நின்ற பிறகும், அறுபது வருஷத்துக்கு மேல் அமெரிக்கக் கார்களை, கிடைத்த எஞ்சினை ஏற்றி, கிடைத்த தகட்டை ஒட்டி ஓட்டுகிறார்கள். இங்கே ஃபார்கோ ஓடியதும் அப்படித்தான். கம்பெனி போனதும் வண்டி செத்துவிடுவதில்லை. அதைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கும்வரை ஓடும். உங்கள் ஈகோஸ்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பையனின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறீர்களா? தீபாவளிக்கு அவனுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவின் சிஷ்யர் வருகிறார். புது பேட்டரி, புது பிளக், கொஞ்சம் பெட்ரோல். செல்ஃப் எடுக்காவிட்டால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவோம். பிள்ளைகளெல்லாம் வாருங்கள், ஹேண்டில் பிடிக்க மட்டும் பெரியவர்களை விடுங்கள். அது திருப்பி அடிக்கும். எல்லோரும் சேர்ந்து ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு என்று சொல்வோம். கிளம்பினால் கேட் வரை ஓட்டிக்கொண்டு போகலாம். கிளம்பாவிட்டால் தள்ளலாம், டிக்கெட் காசு கேட்க மாட்டேன்.

பழைய பஸ், லாரி, கார் முன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நின்று எடுத்த படம் இருந்தால் எடுத்து வாருங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் தருவதாகச் செயலாளர் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். படத்தில் ஸ்டியரிங் பிடித்திருப்பவர், குடம் பிடித்திருப்பவர், டார்ச் பிடித்திருப்பவர் யார் என்று பின்னால் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த வாரம் முதல் அந்த மூலை காலியாக இருக்கும். ஆம்புலன்ஸ் திரும்புவதற்கென்று மஞ்சள் கோடு போட்டு வைத்துவிடுங்கள். வேறு யாரும் வண்டி நிறுத்தினால் நான் கடிதம் எழுதுவேன்.

பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது.